மேஸ்திரிக்கு ஒரு கரண்டு வண்டி

இந்தக் காலத்தில் கேட்காமலே நல்லது செய்ய வருகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். சடையப்பனுக்கு அதுதான் ஆகாத சங்கதி. முன்பெல்லாம் ஒருவன் டீ வாங்கிக் கொடுத்தால், கிளாஸ் காலியாவதற்குள் ஏணி வேண்டும், ஏர் வேண்டும் என்று கேட்டுவிடுவான். விஷயம் அதோடு முடிந்தது. இப்போது டீயையும் கொடுத்து, சிரித்தும் விட்டுப் போகிறான். எதற்குக் கொடுத்தான் என்று நாம்தான் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும்.

பொன்னேரி ஷோரூம் வாசலில் சாலமோனையும் ஆதிநாராயணனையும் பார்த்ததும் அவருக்கு அந்த எரிச்சல்தான் வந்தது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு இரும்புக் கம்பி யார்டில் லாரிக்கு லோடு ஏற்றுகிற ஆட்கள் அவர்கள். அந்த ஆட்களுக்கு மேஸ்திரி சடையப்பன்.

"வேலைய வுட்டுட்டு இங்க இன்னாடா பண்றீங்க?"

"உனுக்கு வண்டி பாக்கத்தான் மேஸ்திரி. அரை நாள் லீவு போட்டுக்கினு வந்தோம்" என்றான் சாலமோன்.

"அரை நாள் கூலி போவுமேடா?"

"போனா போவுது."

சடையப்பன் பக்கத்தில் நின்ற மகன் மோகன்ராஜைத் திரும்பிப் பார்த்தார். போனால் போகிறது என்று கூலியைச் சொல்கிற லோடுமேன் எவனையும் அவர் இதுவரை கண்டதில்லை.

அவருடைய பழைய மொபெட் அதற்கு முந்தின வாரம்தான் நடுரோட்டில் உயிரை விட்டிருந்தது. மேஸ்திரிக்கு வண்டியில்லாமல் முடியாது. ஊரிலிருந்து சிப்காட்டுக்குள் பஸ் கிடையாது. அதோடு, மெயின் ரோட்டில் இருக்கும் எடைமேடைக்கும் உள்ளே இருக்கும் யார்டுக்கும் நாள் முழுக்கப் போய் வர வேண்டும். காண்டிராக்டர் சந்திரமோகன் கறாராகச் சொல்லிவிட்டார்: "திங்கக்கெழம வண்டியோட வா மேஸ்திரி. இல்லாட்டி உன் எடத்துல தணிகைவேலப் போட்டுடுவேன். அவன் போன்லயே எடையக் கேட்டுக்கினு யார்டுலயே குந்திக்கினு இருப்பான்."

ஆகவே வண்டி வாங்கினால்தான் வேலை. பெட்ரோல் வேண்டாம், கரண்டு வண்டிதான் என்பது மோகன்ராஜின் முடிவு. ஸ்கூட்டரா, பைக்கா என்பதை மட்டும் அப்பாவுக்கு விட்டுவைத்திருந்தான்.

"ஸ்கூட்டருதான். முட்டி வலிக்கு கால தூக்க வேணாம். சோத்துப் பையக் கால்கிட்ட வெச்சிக்கலாம்" என்றார் சடையப்பன்.

"ஐயோ, ஸ்கூட்டரா?" என்று சாவுச் செய்தி கேட்டவன் மாதிரி சாலமோன் தலையில் கை வைத்தான். "நம்ம ரோட்டுல ட்ரெய்லர் போய்ப் போய்க் குண்டும் குழியுமா கீது. அந்தச் சின்ன சக்கரம் பள்ளத்துல வுழுந்தா நீயும் உள்ளதான்."

"ஒரு கெத்து வேணாமா மேஸ்திரி? ஸ்கூட்டர்ல வந்தா கொரியர் குடுக்க வந்தவன் மாதிரி இருக்கும்" என்றான் ஆதிநாராயணன்.

மோகன்ராஜோடு படித்தவன்தான் ஷோரூம்காரன். பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்து ஒரு பொத்தானை அமுக்கினான். சீட்டுக்குக் கீழேயிருந்து ஸ்பீக்கர் டுபுடுபுவென்று உறுமியது. வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து எதிர்ச்சாரிக்குப் போய்விட்டது.

"இஞ்சினே இல்லாத வண்டி இன்னாத்துக்குக் கத்துது?"

"ஒரு ஃபீலுக்குத்தான் ஐயா."

"எனுக்கு ஃபீலு வேணாம். ஸ்கூட்டர எடு."

சாலமோன் அவசரமாக மோகன்ராஜை ஓரங்கட்டிக் காதில் ஏதோ சொன்னான். திரும்பி வந்த மோகன்ராஜுக்குக் கண் கலங்கியிருந்தது.

"நைனா, பைக்குக்குக் கூட ஆவுற டப்பு இவுங்க போடறாங்களாம். யார்டு பூரா சேந்து போடறாங்க. உன் மேல எவ்ளோ பாசம் பாரேன்!"

சடையப்பனுக்குப் பகீரென்றது. அந்த யார்டில் அவர் வாயில் விழாத ஆள் கிடையாது. சோம்பேறி என்றும், தின்றுவிட்டுத் தூங்குகிறவன் என்றும் வஞ்சனையில்லாமல் எல்லோரையும் திட்டியிருக்கிறார். அவர்கள் எதற்குப் பணம் போட வேண்டும்? ஷோரூம்காரனிடம் கமிஷனா? வண்டியை ஓசியில் எடுத்துக்கொண்டு சுற்றவா?

"ஒரு வாரம் ஓட்டிப் பாருங்க ஐயா. புடிக்கலன்னா மாத்திக்கலாம்" என்று ஷோரூம்காரன் சொன்னதால் பைக் வீட்டுக்கு வந்தது.

திங்கட்கிழமை காலை சடையப்பனால் பைக்கில் ஏற முடியவில்லை. கால் பாதி உயரம் போய் நின்றுகொண்டது. மோகன்ராஜ் துணி துவைக்கிற கல்லை உருட்டி வந்து போட்டான். அதில் ஏறி நின்று பைக்கில் உட்கார்ந்துவிட்டார். வண்டி நன்றாகத்தான் போயிற்று. கம்பிச் சத்தம் காதைப் பிளக்க ஆட்கள் வேலை செய்துகொண்டிருந்த யார்டுக்குள் போய் நிறுத்திய பிறகுதான், இறங்குவதற்கு அங்கே கல் இல்லை என்பது தெரிந்தது.

சாலமோனும் ஆதிநாராயணனும் ஓடி வந்து, அக்குளில் கை கொடுத்துத் தூக்கி இறக்கினார்கள்.

"இன்னாப்பா, மேஸ்திரியையும் லோடுல சேத்துட்டீங்களா?" என்றான் ஒரு லாரி டிரைவர்.

அன்று மத்தியானமே ஆதிநாராயணன் துண்டுக் கம்பியை வளைத்து, பைக்குக்கு ஒரு படி வெல்டிங் வைத்துக் கொடுத்தான். மறுநாள் அந்தப் படியில் வேட்டி மாட்டிக்கொண்டது. எடைமேடைக்குப் போன சடையப்பன் இடுப்பில் பாதி வேட்டிதான் இருந்தது. மீதி படியில் கொடி மாதிரி பறந்துகொண்டிருந்தது.

அதற்கு அடுத்த நாள் மகனுடைய பேண்ட்டைப் போட்டுக்கொண்டு போனார். அது தொடையைப் பிடித்த பிடியில் முட்டி மடங்கவேயில்லை. யார்டு வாசலில் பிரேக் போட்டவர் காலை ஊன்ற முடியாமல், உட்கார்ந்த வாக்கிலேயே வண்டியோடு மெள்ளச் சாய்ந்தார். அந்த நேரம் பார்த்து சந்திரமோகன் கார் உள்ளே வந்தது.

காண்டிராக்டர் கண்ணாடியை இறக்கினார். "ஒடம்பு முடியலன்னா சொல்லிடு மேஸ்திரி. தணிகைவேலு ரெடியாத்தான் கீறான்."

கார் போன பிறகு சடையப்பன் தரையில் கிடந்தபடியே கத்தினார். "இந்தப் பேஜாரே வேணாம்! ஸ்கூட்டருக்கு மாத்தறேன். மொதல்ல இந்தச் சனியனோட வாய மூடுங்கடா!" கீழே விழுந்த பிறகும் ஸ்பீக்கர் உறுமிக்கொண்டே இருந்தது.

"அத்தத் தொடாத மேஸ்திரி, வாரண்டி பூடும்" என்று சாலமோன் அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"தெனம் நான் உன் ஊட்டாண்ட வந்து ஏத்தி வுடறேன் மேஸ்திரி. மாத்த மட்டும் மாத்தாத" என்று கெஞ்சினான் ஆதிநாராயணன்.

"எறக்கறதுக்கு?"

"எறக்கத்தான் இங்க இத்தினி பேரு கீறமே!"

சடையப்பனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இது கமிஷன் விவகாரமே இல்லை. கண்டிப்பாக இவர்கள் தணிகைவேலுவின் ஆட்கள். கிழவன் கால் உடைந்து வீட்டில் கிடந்தால் அவனை மேஸ்திரியாக்கிவிடலாம். அதற்குத்தான் அரை நாள் கூலி, அதற்குத்தான் பாசம். அன்று சாயங்காலமே யாரிடமும் மூச்சு விடாமல் பைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஸ்கூட்டரோடு வீட்டுக்கு வந்தார்.

மறுநாள் காலை நேராக எடைமேடைக்குப் போய் எடைச் சீட்டை வாங்கிக்கொண்டு யார்டுக்குக் கிளம்பினார். சோத்துப் பை காலடியில் சமத்தாக இருந்தது. முட்டி வலிக்கவில்லை. பள்ளத்திலும் ஸ்கூட்டர் விழவில்லை. யார்டுக்குத் திரும்புகிற முக்கில் கெங்கம்மாளின் டீக்கடை. அவள் முதுகைக் காட்டிக்கொண்டு பாலை ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"ஒரு டீ போடு."

கெங்கம்மாள் தூக்கிவாரிப்போட்டுத் திரும்பினாள். பாதிப் பால் தரையில்.

"யம்மாடி! எப்ப வந்த மேஸ்திரி? நீ வந்ததே தெரியலயே!"

"ஸ்கூட்டருக்கு மாத்திட்டேன். அந்தப் பசங்க தணிகைவேலு ஆளுங்க கெங்கம்மா. என் கால ஒடைக்கத்தான் பைக்கத் தலைல கட்னானுங்க. நானா ஏமாறுவேன்?"

கெங்கம்மாள் டீயை அவர் கையில் திணித்துவிட்டு, இடுப்பிலிருந்து போனை எடுத்து அவசரமாக நம்பரைத் தேடினாள்.

"யாருக்கு போனு?"

"சாலமோனுக்குத்தான். எடுக்க மாட்றானே, தூங்கறான் போல" என்றாள் அவள். "பின்ன இன்னா மேஸ்திரி? உன் வண்டிச் சத்தம் இந்த முக்காண்ட கேட்டாத்தான அங்க எல்லாரும் எந்திரிச்சுக் கம்பியத் தொடுவானுங்க? நீ பாட்டுக்குப் பூன மாதிரி வந்து நின்னா பாவம், அவனுங்க எப்பிடிப் பொழைக்கறது?"

சடையப்பன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். டீயைக் கடைசிச் சொட்டு வரை குடித்து, கிளாஸைப் பலகையில் வைத்தார். இவளும் தணிகைவேலு ஆள்தான்.

"சும்மா கத வுடாத. இத்தினி வருசத்துல நான் போற நேரத்துல ஒருத்தனாவது குந்திக்கினு இருந்து நான் பாத்ததில்ல" என்று சொல்லிவிட்டு, யார்டுப் பக்கமாகச் சத்தமில்லாமல் போனார்.