இருபத்தைந்து நிமிடப் பல்செட்

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் அத்தான் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் அக்காவும் சுகமாக இருக்கிறோம். அங்கு நீங்களும், வீட்டில் எல்லோரும், உங்கள் பெயின்ட் கடையும், கடையில் அடுக்கியிருக்கும் அத்தனை நிறங்களும் சுகம்தான் என்று நம்புகிறேன். சென்ற முறை வந்திருந்தபோது நீங்கள் கேட்ட விஷயத்துக்கு உடனே பதில் எழுத நேரம் கிடைக்கவில்லை. இப்போது கிடைத்துவிட்டது. எப்படிக் கிடைத்தது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே.

முடிவை முதலிலேயே எழுதிவிடுகிறேன். உங்கள் கடைக் கல்லாவில் உட்கார நான் வரப்போவதில்லை. நீங்கள் தலைகீழாக நின்றாலும் வரமாட்டேன். கோபத்தில் எழுதுவதாக நினைக்க வேண்டாம், மிகவும் நிதானமாக, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

அன்றைக்கு எங்கள் கூடத்தில் உட்கார்ந்து, காப்பி ஆறுவதைக்கூடக் கவனிக்காமல் நீங்கள் சொன்னீர்கள்: "அத்தான், நீங்க செய்யற பல்செட்ட யாரும் குறை சொல்லல. வாயில வெச்சா சொந்தப் பல்லு மாதிரிதான் இருக்கு. ஆனா வாய்க்கு வந்து சேர்றதுக்குள்ள வருஷமே ஓடிடுது. பேசாம பட்டறையப் பூட்டிட்டு என் கடைக்கு வந்துடுங்க." நியாயமான பேச்சுதான். ஒரு முன்பல்லின் நிறத்தைத் தேர்ந்தெடுக்க நான் ஒரு பகல் முழுக்க எடுத்துக்கொள்வதும், மெழுகு உருகும்வரை சும்மா இருப்பானேன் என்று பழைய வானொலிப் பெட்டி ஒன்றைப் பிரித்துப்போட்டு, அதைத் திரும்பப் பூட்டுவதற்குள் உருகிய மெழுகு இறுகிப்போவதும், ஒரு பெரியவர் பட்டறை வாசலில் நின்று, "தம்பி, நான் இருக்கறப்பவே கிடைக்குமா, இல்ல என்கூட வெச்சு அனுப்பற உத்தேசமா?" என்று கேட்டுவிட்டுப் போனதும் உண்மைதான். உங்கள் அக்காவும் உங்கள் பக்கமே சாய்ந்து, "கையில இருக்கற ஒரு பல்செட்ட வர்ற வெள்ளிக்கிழமைக்குள்ள குடுக்கட்டும். குடுக்கலேன்னா பட்டறைக்குப் பூட்டு. நானே போடறேன்" என்று தீர்ப்பும் சொல்லிவிட்டாள். எனக்கு அது வலித்தது. வெளியில் காட்டிக்கொள்ளவில்லை.

அந்த ஒரு பல்செட் யாருடையது தெரியுமா? பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கியில் அறிவிப்புச் செய்கிற அம்மாவுடையது. ஈறு கெட்டுப்போய் எல்லாப் பற்களையும் எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அவர் அறிவித்தால் ஒலிபெருக்கியில் காற்று மட்டும்தான் வந்தது. சனிக்கிழமை அதிகாரிகள் அவர் குரலைக் கேட்டுப் பார்ப்பதாக இருந்தார்கள். தேறவில்லையென்றால் பதிவு செய்த குரல் ஒன்றை வைத்துவிட்டு அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம். ஆக, அவருடைய வேலையும் என் பட்டறையும் ஒரே பல்செட்டில் மாட்டிக்கொண்டிருந்தன.

நீங்கள் போகும்போது கொடுத்துவிட்டுப் போனீர்களே, அந்தச் சிவப்பு உருண்டைக் கடிகாரம், அதை உங்கள் அக்கா தக்காளி என்று நினைத்துக் காய்கறிக் கூடையில் போட்டுவிட்டாள். நான் தேடி எடுத்து, கூட இருந்த துண்டுத்தாளை மனப்பாடம் செய்தேன். தலையைத் திருகினால் டிக் டிக்கென்று ஓடி, இருபத்தைந்து நிமிடம் கழித்து மணி அடிக்கும். அதுவரை ஒரே வேலை, வேறு எதையும் தொடக்கூடாது. மணி அடித்ததும் ஐந்து நிமிடம் கட்டாய ஓய்வு. நான்கு சுற்று முடிந்தால் பெரிய ஓய்வு. மணி அடித்த பிறகு வேலையைத் தொடுகிறவர் உருப்படமாட்டார் என்கிற தொனியில் தடித்த எழுத்தில் வேறு போட்டிருந்தது. ஒரு கை பார்த்துவிடுவது என்று சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு இறங்கினேன்.

திங்கட்கிழமை அறிவிப்பாளர் அம்மா அளவு கொடுக்க வந்தார். அச்சு எடுக்கும் மாவைக் குழைத்து, தட்டில் நிரப்பி, அவர் வாய்க்குள் வைத்து, "அசையாதீங்க, இப்ப எடுத்துடுவேன்" என்றேன். மணி அடித்தது. நான் என்ன செய்வேன்? சட்டம் என்றால் சட்டம்தானே. "மன்னிக்கணும், கட்டாய ஓய்வு" என்று சொல்லிவிட்டுப் பின்பக்கம் போய், துண்டுத்தாளில் சொல்லியிருந்தபடி கைகளைத் தூக்கி இறக்கி, தூரத்துப் பச்சையைப் பார்த்து, ஒரு குவளை தண்ணீர் குடித்தேன். உள்ளேயிருந்து "ம்ம்ம்! ம்ம்ம்ம்!" என்று ஒரு சத்தம். ஒலிபெருக்கியே இல்லாமல் தெரு முழுக்கக் கேட்டிருக்கும். ஐந்து நிமிடம் கழித்துத் திரும்பி வந்தால் மாவு அண்ணத்தோடு ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்கிறது. உங்கள் அக்கா அவர் தலையைப் பிடித்துக்கொள்ள, நான் தட்டை அசைத்து அசைத்து இழுத்தேன். வாய் காலியானதும் அந்த அம்மா, பல் இல்லாவிட்டாலும் எனக்கு நன்றாகவே புரியும்படி சொன்னார்: "ஏங்க, இத்தன வருஷத்துல ஒரு பஸ்ஸக்கூட நான் வாயத் திறந்தபடி நிறுத்தி வெச்சதில்ல!" ஆனால் மைத்துனரே, அத்தனை தெளிவான அச்சு என் வாழ்நாளில் விழுந்ததில்லை. ஓய்வின் மகிமை.

அன்று மாலை மாடிவீட்டுக்காரர் வந்தார். அவர் வந்தால் அரைநாள் போகும் என்பது உங்களுக்கே தெரியும். கடிகாரத்தைச் சுட்டிக்காட்டி, "இது அடிச்சப்புறம்தான் பேசுவேன்" என்றேன். மனிதர் முக்காலியில் வாய் பொத்தி உட்கார்ந்திருந்தார். மணி அடித்ததும் தன் முழங்கால் வலி, மருமகனோடு சண்டை, தண்ணீர்க் குழாய்த் தகராறு மூன்றையும் ஐந்து நிமிடத்துக்குள் கொட்டித் தீர்த்துவிட்டு மூச்சு வாங்கினார். மறுநாள் வரும்போது என்ன சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துவிட்டே வந்திருந்தார். அவர் பேச்சிலும் ஒரு தெளிவு பிறந்திருக்கிறது.

செவ்வாய்க்கிழமைதான் சோதனை. அச்சில் ஊற்றுவதற்காகச் சுண்ணமாவைக் கரைத்து, கிண்ணத்தை இரண்டு கையாலும் தூக்கினேன், காதருகே மணி அடித்தது. தூக்கிவாரிப்போட்டு, பாதி மாவு அச்சிலும் பாதி கடிகாரத்தின் மேலுமாக ஊற்றிவிட்டேன். துடைத்துக்கொண்டிருக்கும்போது உங்கள் அக்கா வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். "இது இங்க இருந்தா நாளைக்கு மெழுக ஊத்துவீங்க. சமையல் மேடையில இருக்கட்டும். கழுவி, முடுக்கி விடறது என் பொறுப்பு. நீங்க சத்தத்த மட்டும் கேளுங்க" என்று எடுத்துக்கொண்டு போய்விட்டாள். குளித்து எழுந்ததில் கடிகாரத்துக்குக் கொஞ்சம் சளி பிடித்துவிட்டது போலும், அதன் குரல் மாறி, கணீரென்று இருந்த மணி டிங் டிங்கென்று ஆகிவிட்டது. டிக் டிக் சத்தமும் பட்டறைவரை வரவில்லை. அதுவும் நல்லதற்கே என்று விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் இந்த முறையின் முழு மகிமையும் எனக்கு விளங்கியது. இருபத்தைந்து நிமிடம் என்பது எல்லா நேரமும் ஒரே நீளம் இல்லை, மைத்துனரே! மேல் வரிசையை மெழுகில் அடுக்கியபோது, பல்லும் பல்லும் தானாகவே பொருந்திக்கொண்டு வர, மணி அடிக்கவே இல்லை, வெயில் சுவரில் ஏறி இறங்கிய பிறகே அடித்தது. கடைவாய்ப்பல் சரியாக உட்காராமல் நான் எரிச்சலில் அதை ஒடிக்கப்போன நேரம், உட்கார்ந்து மூச்சுவிடுவதற்குள் அடித்துவிட்டது. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன், பல் ஒரே தள்ளில் உட்கார்ந்தது. ஓய்வு முடிந்தும் முடியாமலும் என் கண் அந்தப் பழைய வானொலிப் பெட்டியின் பக்கம் திரும்பியபோது, இன்னும் ஒரு ஆணியைக்கூடத் தொடவில்லை, டிங் டிங். திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு வேலை மேசைக்கு ஓடினேன். மனம் ஒருமுகப்பட்டால் காலம் நம் இஷ்டத்துக்கு வளையும் என்று படித்தவர்கள் சொல்வது இதைத்தான். எனக்கு அது இத்தனை சீக்கிரம் கைவரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை, இருட்டுவதற்கு முன்பே, பல்செட் பளபளவென்று தண்ணீர்க் கிண்ணத்தில் கிடந்தது. அறிவிப்பாளர் அம்மா என்னை நம்பாத முகத்தோடு வந்து, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். மாட்டினார். நாக்கால் ஒரு முறை தடவிப் பார்த்தார். எழுந்து ஜன்னலருகே நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, "பயணிகளின் கனிவான கவனத்திற்கு! தடம் எண் ஆறு, மூன்றாவது மேடையிலிருந்து புறப்படத் தயாராக உள்ளது" என்றார். தெருவில் போய்க்கொண்டிருந்த ஒருவர் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். அந்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான், அதை மறைப்பானேன். நேற்று அதிகாரிகள் பாதியிலேயே போதும் போதும் என்று சொல்லி, மறுநாளே வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்களாம்.

ஆகவே, நான் பிழைத்துக்கொண்டேன். என் நேரம் இனி என் கையில். பட்டறைக்குப் பூட்டு இல்லை, உங்கள் கல்லாவுக்கு வேறு ஆள் பாருங்கள். உங்கள் அக்காவுக்கு இதில் ஏமாற்றமாக இருக்கலாம். இந்த வாரம் முழுக்க அவள் பட்டறைப் பக்கம் வந்து ஒரு வார்த்தை ஊக்கமாகச் சொன்னதில்லை. போகட்டும், எந்தப் பெரிய சாதனையும் தனியாகச் செய்யப்படுவதுதான்.

உங்கள் கடையில் வியாபாரம் செழிக்கட்டும், குழந்தைகளின் பற்கள் என்னிடம் வரும் அவசியமில்லாமல் உறுதியாக இருக்கட்டும் என்று வாழ்த்தும்,

உங்கள் அன்பு அத்தான்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குமுன் கடிகாரத்தைக் கொண்டுவந்து பட்டறை அலமாரியில் மரியாதையாக வைக்கலாம் என்று சமையலறைக்குப் போனேன். தலையைத் திருகினேன். திருகவில்லை. உள்ளே இறங்கிய சுண்ணமாவு கல்லாக இறுகி, கடிகாரம் செவ்வாய்க்கிழமையே உயிரை விட்டிருக்கிறது. நான் உங்கள் அக்காவைப் பார்த்தேன். அவள் நிமிராமலே சொன்னாள்: "நான்தான் டம்ளர்ல கரண்டியால தட்டினேன். நீங்க நல்லா வேலை செஞ்சா விட்டுட்டேன். முகம் சுளிச்சா எழுப்பி விட்டேன். வானொலிப் பெட்டியப் பார்த்தா உடனே தட்டினேன்." அப்படியானால் வாரம் முழுக்க, சமையலறைக்கும் பட்டறைக்கும் நடுவில் இருக்கும் கதவின் இடுக்கு வழியாக என்னையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். "கெட்டுப்போச்சுன்னு சொல்லியிருக்கலாமே" என்றேன். "சொன்னா அதப் பிரிச்சுப்போட்டுப் பழுது பார்க்க உக்காந்துடுவீங்க. பல்ல யார் செய்யறது?" என்றாள். "நீதானே பூட்டுப் போடறேன்னு சொன்னே?" என்றேன். "அப்படிச் சொன்னாத்தான் செய்வீங்கன்னு சொன்னேன். உங்கள அந்தக் கல்லாவுல உக்கார வெச்சா என் தம்பி கடை என்னத்துக்கு ஆகும்? நீங்களும்தான் என்னத்துக்கு ஆவீங்க?" என்றாள். நான் பட்டறைக்குத் திரும்பிவந்து மறுபடி பேனாவை எடுத்தேன். மேலே நான் எழுதியதில் 'தனியாக' என்ற சொல்லை மட்டும் தயவுசெய்து அடித்துவிட்டுப் படிக்கவும். இதோ, டம்ளர் சத்தம் கேட்கிறது. எழுந்திருக்கச் சொல்கிறாளா, உட்காரச் சொல்கிறாளா, தெரியவில்லை. எதுவானாலும் போகிறேன்.