ஆமைக்கு வருகைப்பதிவு குறைந்த கதை

ஒரு காட்டில் ஒரு சமுதாயக் கல்லூரி இருந்தது. படிப்பைப் பாதியில் விட்டவர்கள், வயது தாண்டியவர்கள், வேறெங்கும் இடம் கிடைக்காதவர்கள் என்று யார் வந்தாலும் சேர்த்துக்கொள்வார்கள். அங்கே அரசியல் அறிவியல் படிக்க அழகேசன் என்ற ஆமை சேர்ந்தது. அதன் வம்சத்தில் குளத்தைத் தாண்டிப் படிக்கப் போன முதல் ஆள் அதுதான். சான்றிதழ் வாங்கிக் குளக்கரையில் மாட்டவேண்டும் என்பது அதன் ஒரே ஆசை.

ஆசை பெரியது, கால்கள் சின்னவை. ஒன்பது மணி வகுப்புக்கு ஐந்து மணிக்கே கிளம்பும். உள்ளே நுழையும்போது பேராசிரியர் கொக்கு, "ஆகவே மாணவர்களே, இதுவே மக்களாட்சி" என்று முடித்துக்கொண்டிருப்பார். மக்களாட்சி எங்கிருந்து ஆரம்பிக்கிறது என்பது அழகேசனுக்குத் தெரியாமலே போயிற்று.

"ஐயா, வந்துட்டேன்யா."

"வந்தது சரிப்பா, மணியைப் பாத்தியா? ஆப்சென்ட்."

வருட முடிவில் வருகைப்பதிவு பன்னிரண்டு சதவீதம். அதுவும் மழைக்காலத்தில் வெள்ளம் அடித்துவந்து கல்லூரி வாசலில் சேர்த்த புண்ணியம். எழுபத்தைந்து இருந்தால்தான் ஹால் டிக்கெட். முதல்வர் யானை கையை விரித்துவிட்டார், அதாவது தும்பிக்கையை.

"விதின்னு ஒண்ணு இருக்குல்ல? அடுத்த வருஷம் சீக்கிரமா வந்து பழகு."

அழகேசன் அழுதுகொண்டே வெளியே வந்தது. உச்சி வெயில். வாசலின் நட்டநடுவில் தலை சுற்றவே, தலையையும் கால்களையும் ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டு அப்படியே கிடந்தது.

அதைப் பார்த்தது வகுப்புத் தோழி ரஞ்சிதம் என்ற அணில். அதற்கும் வருகைப்பதிவு இடித்தது.

"ஐயையோ, அழகேசண்ணே உண்ணாவிரதம் இருக்காரு!"

கால் மணி நேரத்தில் பாதிக் கல்லூரி கூடிவிட்டது. "எழுபத்தைந்து ஒழிக!" என்று தேக்கிலையில் எழுதி ஆட்டினார்கள். சத்தம் கேட்டுப் பயந்த அழகேசன் ஓட்டுக்குள் இன்னும் உள்ளே போயிற்று.

"பாருங்க, என்ன ஒரு உறுதி!" என்றது ரஞ்சிதம்.

முதல்வருக்குச் சாப்பாட்டு நேரம். கரும்புக் கட்டோ வாசலுக்கு அந்தப் பக்கம். ஒரு மணி நேரம் விதியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு இருந்தார். பிறகு வயிறு ஒத்துழைக்கவில்லை.

"எல்லாருக்கும் ஹால் டிக்கெட் குடுத்துத் தொலைங்கப்பா!"

இந்த முறை தேர்வுக்கு முந்தின நாளே அழகேசன் கிளம்பிவிட்டது. கணக்கெல்லாம் சரிதான். ஆனால் வழியெங்கும் ஆதரவாளர்கள். மான்கள் பொன்னாடை போர்த்தின. குரங்குகள் செல்ஃபி எடுத்தன. காட்டுப்பன்றி ஒன்று, தன் குட்டிகளுக்கு அழகேசன்தான் பெயர் வைக்கவேண்டும் என்று அடம் பிடித்தது. எட்டுக் குட்டிகள். ஒன்றுக்கு வைத்துவிட்டு மற்றதை எப்படி விடுவது?

கல்லூரி வாசலை அடைந்தபோது தேர்வு முடிந்து எல்லாரும் வெளியே வந்துகொண்டிருந்தார்கள்.

"போச்சே, என் பரீட்சை போச்சே!" பாவம், உண்மையாகவே அழுதது.

ரஞ்சிதம் ஒரு கல்லின்மேல் ஏறிக்கொண்டது. "நமக்கெல்லாம் ஹால் டிக்கெட் வாங்கிக் குடுத்துட்டு, தான் எழுதாம தியாகம் பண்ணிட்டாரு! இவர்தான் நம்ம தலைவர்!"

அழகேசனைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். காலே வலிக்காமல் வீடு போய்ச் சேர்ந்தது அன்றுதான்.

அடுத்த வருடம் பட்டமளிப்பு விழா. சிறப்பு விருந்தினர், தலைவர் அழகேசன். இனி 'அது' என்று சொன்னால் நன்றாக இருக்காது, எனக்கும் இந்தக் காட்டில்தான் பிழைப்பு. விழா ஒன்பது மணிக்கு. அவர் வந்தது ஒரு மணிக்கு. முதல்வர் வாசலில் மாலையோடு வியர்த்துக்கொண்டிருந்தார். பேராசிரியர் கொக்கு நான்கு மணி நேரமாக ஒற்றைக்காலில் நின்றிருந்தார்.

ரஞ்சிதத்துக்கும் மற்றவர்களுக்கும் தலைவர் தன் கையால் சான்றிதழ் கொடுத்தார். ஒவ்வொன்றையும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டே கொடுத்தார். கடைசியில் முதல்வர் அவருக்கு ஒரு கௌரவ டாக்டர் பட்டத்தை நீட்டினார். அதற்கு வருகைப்பதிவு தேவையில்லையாம். குளக்கரையில் மாட்டச் சட்டமும் போட்டே கொடுத்தார்கள்.

அழகேசனுக்குக் கண் கலங்கிவிட்டது. கொக்கின் காதோரம் மெல்லக் கேட்டார்:

"ஐயா, ரொம்ப லேட்டாயிடுச்சு. இன்னைக்கும் ஆப்சென்ட்டுங்களா?"

"என்ன தலைவரே, இப்படிக் கேட்டுட்டீங்க? நீங்க வந்தப்புறம்தானே ஒன்பது மணி!"

மக்களாட்சி எங்கிருந்து ஆரம்பிக்கிறது என்பது அழகேசனுக்கு அப்போதுதான் புரிந்தது.

நீதி: கொஞ்சம் தாமதமாக வந்தால் ஆப்சென்ட் போடுவார்கள், நான்கு மணி நேரம் தாமதமாக வந்தால் மாலை போடுவார்கள்.