ஜோடி சேர்ந்த ஓட்டு

"லாய்ட் அண்ணே, கணக்கு இடிக்குது" என்றார் கெல்லர்.

"இடிக்குதா? முப்பத்தஞ்சுக்கு முப்பத்து நாலு, நாமதான் ஜெயிக்கிறோம்னு காலையில சொன்னியே?"

"அது நீங்க பேசறதுக்கு முன்னாடி."

கெல்லர் கட்சியின் கொறடா. தலைகளை எண்ணுவதே வேலையாகப் போனதால் மனிதர்களின் முகம் அவருக்கு அவ்வளவாக நினைவிருக்காது. லாய்ட் ஹாக்கன்சனின் முகம் மட்டும் விதிவிலக்கு. பதினோரு வருஷமாக ஒரே தீர்மானத்தைத் தூக்கிக்கொண்டு அலையும் முகத்தை யார்தான் மறப்பார்கள்?

தேசத்தின் பட்ஜெட்டில் வரவுக்கு மேல் செலவே கூடாது என்று அரசியல் சாசனத்தைத் திருத்த வேண்டும், அதற்கு ஒரு மாநாடு கூட்டுங்கள் என்று வாஷிங்டனைக் கேட்கும் தீர்மானம் அது. முப்பத்து நாலு மாநிலங்கள் கேட்டால் கூட்டியே ஆகவேண்டும். முப்பத்திரண்டு கேட்டாகிவிட்டது. எங்கள் மாநிலச் சட்டசபையில் லாய்ட் நாலு முறை கொண்டுவந்து நாலு முறையும் தோற்றார். இது ஐந்தாவது. வயது எழுபத்தொன்று, அடுத்த தேர்தலில் நிற்கப்போவதில்லை. இன்று பிற்பகல் இரண்டு மணிக்கு ஓட்டெடுப்பு. விட்டால் அவர் ஆயுளில் இன்னொன்று கிடையாது.

அப்படிப்பட்டவர் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஜெயிக்கிற உற்சாகத்தில் எழுந்து, "ஜனங்களுக்குத் தவணையில் சாமான் கொடுத்துப் பழக்கினானே, அவன்தான் இந்த நாட்டின் முதல் குற்றவாளி!" என்று மேஜையைத் தட்டினார். அவருடைய கட்சிக்காரரே ஆன நோர்பர்ட் வைஸ், தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார். நோர்பர்ட் தவணைக்கு டிராக்டர் விற்பவர்.

லாய்ட் காபி அறைக்கு ஓடினார்.

"நோர்பர்ட், நான் உன்னைச் சொல்லலப்பா."

"வேற யாரைச் சொன்னீங்க? நம்ம ஜில்லாவுல தவணைக்கு டிராக்டர் விக்கறவன் நான் ஒருத்தன்தானே?"

"உன்மேல மரியாதை இல்லாமலா நானே உன்கிட்ட தவணைக்கு வாங்கினேன்?"

காபி அறை மொத்தமும் சிரித்தது. பக்கத்து மேஜையில் பத்திரிகை நிருபர் ஒருவர் அவசரமாகப் பேனாவைத் திறந்தார். நோர்பர்ட்டின் முகம் காதுவரை சிவந்துவிட்டது.

"மார்ச் மாசத் தவணை இன்னும் வரல, ஞாபகம் இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். அவர் ஊர் நூற்றிருபது மைல். இனி அவர் திரும்பி வரமாட்டார்.

"இப்ப முப்பத்து நாலுக்கு முப்பத்து நாலு. சமமா வந்தா தோத்த மாதிரிதான்" என்றார் கெல்லர். "ஒரே வழி, நீங்களே ஓட்டுப் போடறது."

"நான்தான் ஜோடி நிக்கிறேனே."

ஜோடி என்பது எங்கள் சபையின் பழைய பழக்கம். ஒருவர் உடம்பு சரியில்லாமல் வரமுடியாவிட்டால் எதிர்த்தரப்பில் ஒருவர் தன் ஓட்டையும் போடாமல் நிறுத்திக்கொள்வார். பத்திரம் கிடையாது, கைகுலுக்கினால் போதும். அதை மீறியவன் என்று ஒருவனையும் இதுவரை யாரும் காட்டியதில்லை.

லாய்டின் ஜோடி ஆர்விட் ப்ரெக்கே. எதிர்க்கட்சி, அடுத்த நிலத்துக்காரர். இருபத்திரண்டு வருஷமாக இருவரும் ஒரே காரில்தான் தலைநகருக்கு வருவார்கள். வழி முழுக்கச் சண்டை. "டிராக்டரை நீ கடன்ல வாங்குவே, நாடு மட்டும் கையில இருக்கறதுல வாழணுமா? மழை பொய்ச்ச வருஷம் விதைக்கு எங்கடா போவே?" என்று ஆர்விட் கேட்பார். லாய்டுக்குப் பதில் தோன்றுவதற்குள் தலைநகர் வந்துவிடும். இப்போது அந்த ஆர்விட் கணையத்தில் புற்றுநோயோடு ஆறு தெரு தள்ளி ஆஸ்பத்திரியில் கிடந்தார். பத்து நாளைக்கு முன்புதான் கேட்டார்.

"எனக்கு ஜோடி நிப்பியாடா?"

"நிக்கிறேன்டா."

"யோசிச்சுச் சொல்லு. தோத்தாலும் தோத்துடுவே."

"போடா, உன் ஒரு ஓட்டுல என்ன கிழிஞ்சுடப் போகுது?"

ஆர்விட் நீட்டிய கை எலும்பாக இருந்தது. லாய்ட் அதை அழுத்தாமல் பிடித்துக் குலுக்கினார்.

கெல்லர் தொண்டையைச் செருமினார். முப்பது வருஷமாகச் சபைக் குறிப்பு எழுதும் ஃப்ளோரன்ஸ் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். ஜோடியில ஒருத்தர் தவறிட்டா?"

ஃப்ளோரன்ஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "உயிரோட இருக்கறவங்களுக்குத்தான் ஜோடி. ஒருத்தர் போயிட்டா மத்தவர் தாராளமா ஓட்டுப் போடலாம்."

யாரும் லாய்டைப் பார்க்கவில்லை. அவரும் யாரையும் பார்க்கவில்லை. ஒரே ஒரு நொடி, போயிருந்தால் நல்லதாயிருக்குமே என்று அவர் மனசில் ஓடியது. அடுத்த நொடி அவருக்குத் தன்னைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. அந்த வெட்கத்திலேயே போனை எடுத்தார்.

ஆர்விட்டின் மனைவி மார்டெல்தான் பேசினாள்.

"எப்படி இருக்கான் மார்டெல்?"

"அமைதியாத் தூங்கறார், லாய்ட்."

"வலி?"

"இன்னிக்கு வலி இல்ல."

லாய்டுக்கு மூச்சு வந்தது. கெல்லர் விடவில்லை. காதருகே குனிந்து, "ஜோடியை விட்டுத் தரச் சொல்லிக் கேளுங்கண்ணே. அவரே விட்டுட்டா யாரும் உங்களைக் குத்தம் சொல்ல முடியாது" என்றார்.

கேட்கவே கூடாதுதான். பதினோரு வருஷம் கேட்க வைத்தது. லாய்ட் தட்டுத் தடுமாறிக் கேட்டார். "இருங்க, எழுப்பிக் கேக்கறேன்" என்றாள் மார்டெல்.

"அவர் என்ன சொல்றார்னா..." மார்டெலின் குரல் பிசிறியது. "'கைகுலுக்கினது குலுக்கினதுதான். தவணை கட்டாதவன் வாயைப் பொத்திக்கிட்டு உக்காரட்டும்'னு சொல்றார்."

லாய்ட் சத்தமாகச் சிரித்தார். சிரிக்கும்போதே கண்ணில் நீர் வந்துவிட்டது. "பாத்தியா, திமிரு கொஞ்சமாவது குறைஞ்சிருக்கா? கட்டையில போறவன் பேச்சா இது!" என்று கெல்லரிடம் சொன்னார். அப்படியென்றால் இன்னும் சில நாள் இருப்பான். இந்தத் தீர்மானத்தைவிட அந்தச் சில நாள் பெரிதாகத் தோன்றியது அவருக்கே ஆச்சரியம்.

இரண்டு மணிக்குப் பெயர்களைக் கூப்பிட்டார்கள். லாய்டின் முறை வந்தபோது எழுந்து நின்றார்.

"நான் ப்ரெக்கே அவர்களோடு ஜோடி. அவர் இங்கே இருந்தால் 'இல்லை' என்பார். நான் ஓட்டுப் போட்டால் 'ஆம்' என்பேன். நான் ஓட்டுப் போடவில்லை."

முப்பத்து நாலு, முப்பத்து நாலு. தீர்மானம் விழுந்தது. கெல்லர் காகிதத்தைக் கசக்கி எறிந்துவிட்டுப் போனார். லாய்ட் காலியான சபையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பதினோரு வருஷத்துக் கோப்புகளையும் அட்டைப்பெட்டியில் அடுக்கினால் ஒரு பெட்டிகூட நிரம்பவில்லை.

பிறகு ஆறு தெருவையும் நடந்தே கடந்தார். உள்ளே நுழைந்ததும் என்ன திட்டுவது என்று யோசித்துக்கொண்டே போனார். "ஜெயிச்சுட்டேடா கிழவா, சந்தோஷமா?" என்று ஆரம்பிக்கலாம். அவன் பல்லில்லாமல் சிரிப்பான். சாகிறவனுக்கு ஒரு வெற்றி கொடுத்தோம் என்று இருந்துவிட்டுப் போகட்டும்.

கட்டில் காலியாக இருந்தது. விரிப்பு மாற்றியிருந்தார்கள். ஜன்னலோரம் மார்டெல், கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு, யாருக்காகவோ காத்திருப்பவள் போல உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்த கண்கள்.

"முடிஞ்சுதா லாய்ட்? தோத்துட்டீங்களா?"

"தோத்துட்டேன். அவன் எங்கே?"

மார்டெல் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"காலையில ஆறே காலுக்கே போயிட்டார், லாய்ட்; 'ஓட்டு முடியற வரைக்கும் மூச்சு விடாதே'ன்னு, நீங்க போன்ல எதைக் கேப்பீங்க, நான் என்ன பதில் சொல்லணும்னு, நேத்து சாயங்காலம் பூரா எனக்கு மனப்பாடம் பண்ண வச்சுட்டுத்தான் போனார்."