அகஸ்ரினின் பலர்மோ

உலகத்தின் எந்த நகரத்திலும் அகஸ்ரின் வழி தவறியதில்லை. சில நகரங்களில் வழிதான் அவரைத் தவறவிட்டிருக்கிறது.

இதை அவரே சொல்வார், சிரிக்காமல். "வழி கேக்கிறவன் ஆர் தெரியுமோ? தான் எங்க நிக்கிறன் எண்டே தெரியாதவன். அப்பிடிப்பட்டவன் வெளிக்கிடவே கூடாது."

1999 ஏப்ரலில் ஒரு ஞாயிறு காலை அவர் ரொறன்ரோவில், மில்லிக்கன் பகுதியிலிருந்த தன் வீட்டுக் குசினியில், தொலைபேசியைக் காதில் வைத்தபடி இத்தாலியின் பலர்மோ நகரத்தை நிர்வகித்துக்கொண்டிருந்தார். மறுமுனையில், பலர்மோவின் ஒரு தெருவோரத் தொலைபேசிக் கூண்டில், அவருடைய மனைவி யூஜினியின் தம்பி றொய்சன் தொலைந்துபோய் நின்றான்.

றொய்சன் அங்கே போனது பெண் பார்க்க. ஏற்கெனவே மூன்று சம்பந்தங்கள் குழம்பியிருந்தன. இதுவும் குழம்பினால் இனிக் கலியாணப் பேச்சே எடுக்கக் கூடாது என்று அக்காவிடம் சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏறியிருந்தான்.

பெண்வீட்டார் ரயில் ஸ்ரேசனுக்கு ஆள் அனுப்புவதாகச் சொன்னார்கள். அகஸ்ரின்தான் மறித்துவிட்டார். "மாப்பிளையை ஆடு மாதிரிச் சாய்ச்சுக்கொண்டு போறதோ? எட்டு மாசம் பலர்மோவில இருந்தவன் நான். முதல்ல நான் சொல்லுற இடங்களைப் பார். மாமி கேட்டால் நாலு கதை சொல்லலாம். பிறகு நான் சொல்லுற வழியில வீட்டை போ. ஒருத்தரையும் கேளாதை."

எட்டு மாதம் உண்மை. கனடாவுக்கு வரும் வழியில், களவாக ஆள் அனுப்பும் ஏஜென்ற் அவரை அங்கே ஓர் அறைக்குள் வைத்திருந்தான். கிழமைக்கு ஒருமுறை பாண் வாங்க வெளியே விட்டான். அந்தப் பாண் நடைகளைக் கொண்டு அகஸ்ரின் ஒரு முழு நகரத்தையே கட்டி எழுப்பியிருந்தார்.

"அத்தான், கடலுக்குள்ள கோட்டை எண்டியள். ஒரு கோட்டையையும் காணேல்லை," என்றான் றொய்சன்.

"வடிவாப் பார். அவ்வளவு பெரிய கோட்டை எங்க போறது?"

"கடல் மட்டும்தான் இருக்கு."

"அப்ப கோட்டைக்கு மற்றப் பக்கம் நிக்கிறாய். சரி, கோட்டையை விடு. தெருவுக்கு ஏறி ட்ராமைப் பிடி."

"இஞ்ச ட்ராமே ஓடேல்லை அத்தான்."

"ஞாயிற்றுக்கிழமை. ஓய்வெடுக்குது."

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த யூஜினி திரும்பினாள். "அவனை ஆரிட்டையாவது கேக்கச் சொல்லுங்கோவன்."

"நீ சும்மா இரு. றொய்சன், மலை தெரியுதோ?"

"ஓம், ஒரு மலை தெரியுது."

அகஸ்ரின் மனைவியைப் பார்த்து ஒரு விரலை உயர்த்தினார். "மலையைப் பாத்து நட. உச்சிக்கு ஏற ஒரு குட்டி ரயில் இருக்கு. ஏறி நிண்டால் முழு ஊரும் காலுக்குக் கீழ."

அடுத்த அழைப்பு வந்தபோது றொய்சனுக்கு மூச்சு வாங்கியது. ரயில் இல்லை. புதுச் சப்பாத்து கடித்தது. பெண்வீட்டுக்கு வாங்கிய கேக் வெயிலில் உருகிக் காற்சட்டையில் வழிந்தது. கொஞ்சம் முன்னர் அவன் வீதியில் பெண்ணின் தாய் றீற்றாவின் ஜாடையில் ஓர் அம்மாவைக் கண்டிருக்கிறான். கேட்கக் கூடாது என்பதால் ஒரு சுவருக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டானாம்.

"கெட்டிக்காரன்," என்றார் அகஸ்ரின். "இப்ப எங்க நிக்கிறாய்?"

"துறைமுகம் மாதிரிக் கிடக்கு. நேரம் போகுது அத்தான். அங்க ரெண்டு மணித்தியாலமாப் பாத்துக்கொண்டிருப்பினம்."

"துறைமுகமோ? அப்ப பிரச்சினை முடிஞ்சுது. படகெடு. அஞ்சு நிமிசத்தில கோட்டையடியில இறக்குவாங்கள். வீடு அதுக்குப் பின்னால."

"ஒரு கப்பல்தான் நிக்குது. பெரிசு. சனம் பெட்டி படுக்கையோட ஏறுது. நாப்போலி எண்டு போட்டிருக்கு."

அகஸ்ரினின் முகம் மலர்ந்தது. "நாப்போலியோ! ஏறடா! நான் இருக்கேக்க கடை, பஸ், கொடி எல்லாத்திலயும் அவங்கட பேர்தான். நம்பிக்கையான கொம்பனி."

"ஆக்கள் தலகாணியும் கொண்டு ஏறுகினம், அத்தான்."

"சொகுசு. ஏறு!"

யூஜினி ஈரக்கையோடு தொலைபேசியைப் பறித்தாள். "தம்பி, ஏறாதை! கேள்! முதல்ல ஆரையாவது கேள்!" அதற்குள் தொலைபேசி அட்டையில் காசு முடிந்து இணைப்பு அறுந்துவிட்டது.

அவள் தொலைபேசிக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள். அகஸ்ரின் அவள் கண்ணில் படாமல் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து பார்த்தார், மூடினார், மறுபடி திறந்தார். மதியத்துக்கு மேல் தொலைபேசி அடித்தது. எடுத்தவர் அகஸ்ரின். பேசியது றீற்றா.

"தம்பி, மாப்பிளை இஞ்சதான் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். எங்களுக்குப் பிடிச்சுப்போச்சு. பிள்ளை ஏஞ்சலாவும் ஓமெண்டுட்டா."

அகஸ்ரின் நெஞ்சை நிமிர்த்தினார். "நான்தான் வழி சொன்னனான்."

"ஓம், சொன்னவர். கப்பலில டிக்கற் பாக்கிறவனைக் கேட்டவராம். அவன் மீன்காரனிட்டை விட்டானாம், மீன்காரன் சலூனுக்குக் கூட்டிக்கொண்டு போனானாம். கடைசியில அரைவாசித் தெரு வந்து அவரை எங்கட வாசல்ல விட்டுட்டுப் போகுது. வெக்கப்படாமல் கேக்கிற பிள்ளை, வீட்டிலயும் கேட்டு நடக்கும் எண்டு ஏஞ்சலா சொல்லுறா."

"சந்தோசம். எண்டாலும் நாப்போலிக் கொம்பனிப் படகில வந்திருந்தால் கெதியா..."

"நாப்போலி கொம்பனி இல்லைத் தம்பி. அது வேற ஊர். இங்கிலிசில நேப்பிள்ஸ் எண்டுறவை. இஞ்சயிருந்து ஒரு இரவுக் கப்பல். கோட்டை, ட்ராம், குட்டி ரயில் எல்லாம் அங்கதான். நீங்கள் இருந்ததும் அங்கதான் போல."

"ஏஜென்ற் பலர்மோ எண்டுதான் சொன்னவன்."

"எட்டு மாசமும் நீங்கள் ஒருத்தரையும் கேக்கேல்லையோ?"

அகஸ்ரின் தொலைபேசியை யூஜினியிடம் கொடுத்தார். அவள் அழுகையும் சிரிப்புமாகச் சேலை நிறம் பேசத் தொடங்கினாள். அவர் ஜாக்கெற்றை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

ஸ்ரீல்ஸ் வீதியைக் கடந்தால் டோனற் கடை. ஆறு வருடமாக அவர் ஞாயிறுதோறும் கோப்பி குடிக்கும் கடை. இன்று கோப்பியை வாங்கிய பிறகும் அவர் நகரவில்லை. பின்னால் நின்றவர்கள் எல்லாரும் போய் முடியும்வரை சீனிப் பைகளை அடுக்கிக்கொண்டு நின்றார். பிறகு இரண்டு பக்கமும் பார்த்து, காசு வாங்கும் தமிழ்ப் பிள்ளையிடம் குனிந்து, குரலைத் தணித்தார்.

"பிள்ளை, ஒண்டு கேக்கட்டே? இது... ரொறன்ரோதானே?"

அவள் மிச்சக்காசை நீட்டினாள்.

"நோ அங்கிள். ரோட்டுக்கு அங்காலதான் ரொறன்ரோ. இது மார்க்கம்."