ஐயோவுக்கு மலாயில் என்ன?

நீதிமன்றத்தில் பொய் சொல்லக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். படித்ததையெல்லாம் சொல்லக்கூடாது என்பதை மட்டும் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. ஜொகூரில் ஒரு சிறிய நீதிமன்றத்தில் தற்காலிக மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்திருந்தேன். சாட்சி தமிழில் சொல்வதை மலாயில் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் நான் சொற்களின் பிறப்பைப் பற்றி ஆய்வேடு எழுதிப் பட்டம் வாங்கியவள். (அதை முழுதாகப் படித்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி நான்.) தங்கையின் முதல் வழக்கைப் பார்க்க வேண்டும் என்று சிங்கப்பூரில் வேலை செய்யும் என் அண்ணன் குணா லீவு போட்டுவிட்டு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தான். அவனைத் தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை.

வழக்கு சிறியதுதான். பெக்கோக்கில் சாலையோரம் பீசாங் கோரேங், அதாவது வாழைப்பழ பஜ்ஜி, பொரித்து விற்பவர் சரோஜா அக்கா. ஒரு லோரி பின்னோக்கி வந்து அவருடைய கடையை இடித்துச் சாய்த்துவிட்டது. ஓட்டியவர் ஒரு சீனப் பெரியவர். கவனமில்லாமல் ஓட்டினார் என்பது குற்றச்சாட்டு. பார்த்துத்தான் ஓட்டினேன், பிரேக் பிடிக்கவில்லை என்பது அவர் பக்கத்துப் பேச்சு.

சரோஜா அக்கா கூண்டில் ஏறி, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு சொன்னார்: "கடைய இடிச்சதுக்கு அப்புறம்தாங்க அவரு 'ஐயோ'ன்னு கத்துனாரு. அதுக்கு முன்னால ஒரு சத்தமும் இல்ல."

ஜொகூரில் ஐயோ தெரியாதவர் யார்? மலாய்க்காரரும் சொல்கிறார், சீனரும் சொல்கிறார். மாஜிஸ்திரேட் அம்மையாரே அன்று காலையில் மேசைக் காலில் இடித்துக்கொண்டபோது சொன்னார். அதை அப்படியே விட்டிருந்தால் நான் மதியம் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பேன். விடவில்லை. 'ஐயன்' என்றால் தலைவன், 'ஓ' என்பது விளி என்று என் ஆய்வேட்டில் எழுதியிருந்தேன். தொண்டையைச் சரிசெய்துகொண்டு, கணீரென்று மலாயில் மொழிபெயர்த்தேன்:

"அவர் 'வஹாய் துவான்!' என்று கத்தினார்."

அதாவது, 'ஓ ஐயா!'

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் துள்ளி எழுந்தார். "எந்தத் துவான்? சம்பவ இடத்தில் வேறு யாருமே இல்லை என்று இந்தச் சாட்சி போலீஸ் புகாரில் சொல்லியிருக்கிறார். இப்போது என் கட்சிக்காரர் யாரையோ கூப்பிட்டார் என்கிறார். இவர் பேச்சை எப்படி நம்புவது?"

சரோஜா அக்கா என்னை முறைத்தார். என்னைவிட நன்றாக மலாய் பேசுபவர் அவர். ஏதோ ஒரு படிவத்தில் தமிழ் என்ற கட்டத்தில் குறி போட்டிருந்ததால்தான் நான் நடுவில் நின்றுகொண்டிருந்தேன்.

"யாரும்மா அந்தத் துவான்? நான் எப்ப சொன்னேன்?"

மாஜிஸ்திரேட் பேனாவைக் கீழே வைத்துவிட்டு விளக்கம் கேட்டார். அந்த இடத்திலாவது மன்னிப்புக் கேட்டிருக்கலாம். நான் ஐயன், விளி, பக்தர்கள் ஆபத்தில் இறைவனை அழைத்த காலம் என்று ஆரம்பித்தேன். அம்மையாரின் முகம் மாறுவதைப் பார்த்துப் பதறி, எதையாவது சொல்லிச் சமாளிக்க வேண்டும் என்று, "ஆனால் எல்லோரும் இதை ஏற்பதில்லை. ஐயோ என்பது எமனுடைய மனைவியின் பெயர் என்றும் எங்கள் வீடுகளில் சொல்வார்கள்" என்றேன்.

"ஓ," என்றார் வழக்கறிஞர். "இப்போது ஒரு பெண்மணியும் அங்கே இருந்தாரா?"

கடைசி வரிசையில் யாரோ மூக்கால் சிரித்தார்கள். யாரென்று திரும்பிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

நான் என் குறிப்பேட்டைப் பார்த்தேன். அப்போதுதான் தெரிந்தது. 'இடித்ததற்கு அப்புறம்தான்' என்று அக்கா சொன்னதை நான் மொழிபெயர்க்கவே இல்லை. வழக்கே அந்த வார்த்தையில்தான் இருந்தது: கடையைப் பார்த்து ஓட்டியவர் இடிப்பதற்கு முன்னாலேயே கத்தியிருப்பார். ஐயோவின் அழகில் மயங்கி அதை விழுங்கியிருந்தேன். ஒரு மனுஷியின் பிழைப்பு இடிந்து கிடக்கிறது, நான் அவரைப் பொய்ச்சாட்சி ஆக்கிக்கொண்டிருக்கிறேன். காது வரை சுட்டது.

"மன்னிக்க வேண்டும், தவறு என்னுடையது. சாட்சி சொன்னது வெறும் ஐயோ. அதையும் இடித்த பிறகுதான் அவர் சொன்னாராம்" என்றேன்.

"இடித்த பிறகு என்பதை இப்போதுதான் சேர்க்கிறார்!" என்று வழக்கறிஞர் மறுபடி குதித்தார்.

அதற்குள் லோரிக்காரப் பெரியவருக்குப் பொறுமை போய்விட்டது. காலையிலிருந்து சாப்பிடாத மனிதர். எழுந்து நின்று மலாயில் கத்தினார்:

"அலமாக்! ஐயோ எங்க சீனப் பேச்சு லா! எங்க அப்பா சீனாவிலேர்ந்து கொண்டாந்தது! துவானும் இல்ல, பொம்பளையும் இல்ல. இடிச்ச பிறகுதான் சொன்னேன். முன்னாலயே கடையைப் பார்த்திருந்தா நான் ஏன் லா இடிக்கப் போறேன்?"

வழக்கறிஞர் மெதுவாக உட்கார்ந்து கண்களை மூடிக்கொண்டார்.

மாஜிஸ்திரேட் பேனாவை எடுத்து நிதானமாக எழுதினார். பிறகு என்னைப் பார்த்து, "பதிவில் ஐயோ என்றே இருக்கட்டும். இனிமேல் காதில் விழுந்ததை மட்டும் சொல்லுங்கள். எல்லாவற்றையும் சொல்லுங்கள். அதற்கு மேல் வேண்டாம்" என்றார். பெரியவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். வெளியே போகும்போது சரோஜா அக்கா என் அருகில் நின்றார். திட்டுவார் என்று தலையைக் குனிந்தேன்.

"படிச்ச புள்ள தான நீ?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். திட்டியிருக்கலாம்.

அதற்குப் பிறகு எத்தனையோ வழக்குகளை ஒழுங்காக மொழிபெயர்த்திருக்கிறேன். அதெல்லாம் குணாவுக்குக் கணக்கில்லை. அன்று வீட்டுக்குக் காரோட்டிய வழியெல்லாம் என்னைத் துவான் என்றே அழைத்தான். அண்ணி வந்த பிறகு அவரும் கற்றுக்கொண்டார். பிள்ளைகள் பிறந்ததும் நான் 'துவான் அத்தை' ஆனேன். என் சொந்தப் பெயர் அந்தக் குழந்தைகளுக்குத் தெரியுமா என்பதே சந்தேகம்.

போன மாதம் குணாவின் பெரியவளுக்குப் பள்ளிக்கூடத்தில் காய்ச்சல். அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்று கேட்டதற்கு அவள் 'துவான்' என்று சொல்லி என் எண்ணைக் கொடுத்திருக்கிறாள். டீச்சர் மிகவும் மரியாதையாகப் பேசினார்.

"வணக்கம். துவான் இருக்காருங்களா?"

"நான்தாங்க, சொல்லுங்க" என்றேன்.