தலையணை உறையைப் படித்த துவாலை ஆன்டி

மலேசியாவிலேயே நோயாளியின் முகத்தைப் பார்க்காமல் நோயைச் சொல்லிவிடக்கூடிய ஒரே ஆள் எங்கள் துவாலை ஆன்டிதான். நாடி பிடிக்க மாட்டார், நாக்கை நீட்டச் சொல்ல மாட்டார். உங்கள் தலையணை உறையைக் கொடுத்தால் போதும். அதை ஜன்னலோரம் கொண்டுபோய் விரித்து, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, நேற்று நீங்கள் எந்தப் பக்கம் சாய்ந்து படுத்தீர்கள், தலைக்கு எண்ணெய் வைத்தீர்களா, அழுதீர்களா என்பதுவரை சொல்லிவிடுவார். காதல் முறிந்ததை அவரிடம் மறைக்க முடியாமல் தலையணையே இல்லாமல் படுத்த பெண்கள் எங்கள் விடுதியில் இரண்டு பேர் இருந்தார்கள். அதில் ஒருத்தி யார் என்று கேட்காதீர்கள்.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு புடவைக் கடைக்கு மேல்மாடியில், வேலை பார்க்கும் பெண்கள் ஏழு பேர் தங்கியிருந்தோம். மோனோரயில் போகும்போதெல்லாம் ஜன்னல் கண்ணாடி கடகடக்கும். விடுதிப் பொறுப்பு முழுவதும் ஆன்டி கையில். ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் முப்பது ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அத்தனை ஆண்டிலும் வார்டுக்குள் ஒரு முறைகூடக் காலெடுத்து வைத்ததில்லையாம். ஆனால் எந்த வார்டில் யாருக்கு என்ன என்பதைக் கீழே வந்து விழும் துணிமூட்டையிலிருந்தே சொல்லிவிடுவாராம். இதை அவரே சொன்னார், நாங்களும் நம்பினோம்.

எங்கள் ஏழு பேருக்கும் ஏழு நிறத் துவாலையும் அதே நிறத்தில் தலையணை உறையும் கொடுத்திருந்தார். பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் அவரிடம் கிடையாது. "பச்சை, சாப்பிட வா." "சிவப்பு, ஒன்னோட அம்மா போன்ல." நான் ஊதா. ஒருவர் துவாலை இன்னொருவர் துவாலைமேல் படக்கூடாது. கொடியில் ஒரு சாண் இடைவெளி வேண்டும், அவர் சாண். ஒருமுறை குழாய் பழுதுபார்க்க வந்தவர் தெரியாத்தனமாக நீலத் துவாலையில் கையைத் துடைத்துவிட்டார். ஆன்டி அதைக் கொடியிலிருந்து எடுத்து, அழகாக மடித்து, படியிறங்கிப் போனவரைத் தெருமுனை வரை துரத்திக்கொண்டுபோய்க் கொடுத்தார்.

"இனிமே இது ஒங்களோடது பாஸ். வேற யாரும் தொடமாட்டாங்க," என்றார். அந்த மனிதர் பயந்துபோய் அதைக் கழுத்தில் சுற்றிக்கொண்டே மோட்டார்சைக்கிளில் ஏறினார்.

இப்படிப்பட்டவர், சில ஆண்டுகளுக்கு முன் தெலுக் பங்லிமா காராங்கில் தம்பி வீட்டுக்கு ஒன்பது நாள் போனார். அந்த ஒன்பது நாளில்தான் நாங்கள் எங்கள் வேலையைக் காட்டினோம். நாங்கள் என்றால், முக்கியமாக நான்.

எங்களில் மஞ்சள் துவாலைக்காரி கோகிலா. பாலர் பள்ளி ஆசிரியை. ஏழு வருஷம் தவம் கிடந்து கிள்ளானில் அவள் அண்ணனுக்கு அப்போதுதான் பெண் குழந்தை பிறந்திருந்தது. முப்பதாம் நாள் தொட்டில் போட்டுப் பெயர் வைப்பார்கள். அத்தைதான் குழந்தையைத் தூக்கி, காதில் மூன்று முறை பெயரைச் சொல்ல வேண்டும். கோகிலா அதற்காகச் சேலை எடுத்து, ரவிக்கை தைத்து, எங்கள் அத்தனை பேர் காதிலும் பெயரைச் சொல்லி ஒத்திகையும் பார்த்துவிட்டாள். என் காதில் மட்டும் இருபது முறையாவது யாழினி என்று சொல்லியிருப்பாள்.

ஆன்டி கிளம்பிய மறுநாள் கோகிலாவின் மூக்கோரத்தில் சிவப்பாக ஒரு சின்னக் கொப்புளம் வந்தது. அது உடைந்து நீர் கசிந்தது. பக்கத்தில் இன்னொன்று. பிறகு வாயோரம். பழைய முகக்கவசம் ஒன்றைத் தேடிப் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போய் வந்தாள்.

"அம்மா வந்துட்டாங்க," என்று தீர்ப்பு சொன்னது நான்தான்.

அதைக் கேட்டதும் கோகிலா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அண்ணனுக்குக் குழந்தை பிறந்தால் மாரியம்மனுக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டு இன்னும் எடுக்கவில்லை. அதைக் கேட்கத்தான் அம்மன் வந்திருக்கிறாள் என்று முடிவு கட்டினாள். அம்மை என்றால் டாக்டரிடம் போகக்கூடாது, மருந்து தொடக்கூடாது, அம்மன் கோபித்துக்கொள்வாள். இது எங்கள் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த சட்டம். பள்ளிக்கு விடுப்புச் சொன்னாள். நான் கோயில் வேப்பமரத்திலிருந்து கொப்பு ஒடித்துவந்து வாசலில் செருகினேன். தாளிப்பை நிறுத்தினேன். மீனை நிறுத்தினேன். பெரியம்மை, சின்னம்மை எல்லாம் பார்த்தவள்போல உத்தரவு போட்டேன்.

அதோடு விட்டேனா? வேப்பிலையும் மஞ்சளும் அரைத்து ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் எடுத்தேன். விரலால் தொட்டுக் கோகிலாவின் புண்ணில் தடவினேன். பிறகு அதே கிண்ணத்தில் அதே விரலை விட்டு, மற்ற பெண்களுக்கும் தடுப்பு மருந்தாக மூக்கிலும் கன்னத்திலும் தடவிவிட்டேன். காலையும் மாலையும் வரிசையில் நின்று பயபக்தியோடு தடவிக்கொண்டார்கள். ஒருத்தி எனக்கு நன்றிகூடச் சொன்னாள்.

ஒன்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. ஆன்டி படியேறி வந்தார். எங்களைப் பார்க்கவில்லை, வாசல் வேப்பிலையைப் பார்க்கவில்லை. கையிலிருந்த பையைக்கூட இறக்காமல் நேராக அழுக்குத்துணிக் கூடைக்குப் போனார். ஒவ்வொன்றாக எடுத்தார். ஜன்னலுக்கும் கூடைக்கும் நாலு தடவை நடந்தார். பிறகு மஞ்சள் உறை ஒன்றை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார்.

"யாரு இத இவ்ளோ நாள் விட்டு வச்சது?"

"ஆன்டி, அம்மா வந்திருக்காங்க," என்றேன் மெதுவாக.

"எந்த அம்மா?"

"அம்மை ஆன்டி."

ஆன்டி உறையை என் முகத்துக்கு நேராக விரித்தார். "ஊதா, நல்லா பாரு லா. மஞ்சளா ஒட்டியிருக்குல்ல? தேன் காஞ்சு போனா எப்படி இருக்கும், அது மாதிரி. இதுக்கு நான் வச்ச பேரு தேன் பொருக்கு. அம்மைன்னா மொதல்ல காய்ச்சல் அடிக்கும். நெஞ்சு, முதுகுன்னு ஒடம்பு பூரா போடும். மஞ்சளுக்குக் காய்ச்சல் அடிச்சுச்சா?"

"இல்ல ஆன்டி," என்றாள் கோகிலா.

"முதுகுல இருக்கா?"

"இல்ல."

"மூக்கு, வாய், கை. ஒரு எடத்துல சொறிஞ்சு இன்னொரு எடத்துல வச்சிருக்க. பாலர் பள்ளியில எந்தப் புள்ளைக்காச்சும் மூக்குல புண்ணு இருந்துச்சா?"

கோகிலா யோசித்தாள். மூன்று பிள்ளைகளுக்கு இருந்தது. மூக்கைத் துடைத்துவிட்டதே அவள்தான்.

"அவ்ளோதான். ஆத்தா வரல. கிருமி வந்திருக்கு." ஆன்டி கூடையிலிருந்து பச்சை உறையை எடுத்தார். பிறகு சிவப்பு. பிறகு வெள்ளை. மூன்றிலும் மஞ்சள் பொருக்கு. "இதுங்களுக்கு யாரு கொண்டுபோய்க் குடுத்தது?"

ஐந்து ஜோடிக் கண்கள் என் எவர்சில்வர் கிண்ணத்தைப் பார்த்தன. அன்றைக்குப் பூமி பிளக்கவில்லை, பிளந்திருந்தால் நானே உள்ளே இறங்கியிருப்பேன்.

கோகிலாவுக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. அடுத்த ஞாயிறு பெயர் சூட்டு விழா. அவள் கேட்டது ஒன்றே ஒன்று. "ஆன்டி, பாப்பாவ தூக்கலாமா?"

"இப்படியேவா? தொட்ட, அவ்ளோதான். ஒரு மாசப் புள்ளைக்கு இது வந்தா ஒனக்கு வந்த மாதிரி மூக்கோட நிக்காது. ஆஸ்பத்திரியில படுக்க வைக்கணும். நாளைக்கே கிளினிக் போ."

கோகிலா அழுதாள். மருந்து தொட்டால் அம்மன் கோபித்துக்கொள்வாள், தொடாவிட்டால் பாப்பாவைத் தொட முடியாது.  ஆன்டி தலையணை உறையோடு சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றார். நாங்களும் பின்னாலேயே போனோம்.

"தாயே, நீ வந்திருந்தா என்னை மன்னிச்சுக்கோ. ஆனா நீ வரல, எனக்குத் தெரியும். நீ வந்தா துணிய இப்படி நாசம் பண்ணமாட்ட. இவ பால்குடம் எடுப்பா, நான் கூட வந்து பாத்துக்கறேன். இப்ப மாத்திரை சாப்பிட விடு."

அம்மன் மறுப்புச் சொல்லவில்லை. விஷயம் முடிந்தது.

மறுநாள் காலை கிளினிக்கில் ஒரே கூட்டம், அதில் பாதி நாங்கள்தான். இளம் டாக்டர் ஒருவர் கோகிலாவின் முகத்தைப் பார்த்த உடனே இம்பெட்டிகோ என்றார். பாக்டீரியாவால் வருவது, தொட்டால் ஒட்டும், பிள்ளைகளிடம் அதிகம் பார்க்கலாம் என்று விளக்கினார். பரவியிருந்ததால் கோகிலாவுக்கு ஏழு நாளைக்கு ஆன்டிபயாடிக் மாத்திரை. ஒன்றிரண்டு புண் இருந்த மூவருக்கும் தடவும் மருந்து. சோப்புத் தண்ணீரில் பொருக்கை மெதுவாக ஊறவைத்துத் துடைக்க வேண்டும், சொறியக்கூடாது, மூடி வைக்க வேண்டும், துவாலை, உறை, விரிப்பு எதையும் பகிரக்கூடாது, தினமும் சுடுதண்ணீரில் துவைக்க வேண்டும் என்றார். இரண்டு நாள் மருந்து போனால் பொதுவாகப் பரவாது, ஆனால் பச்சைக்குழந்தை விஷயம் என்பதால் வெள்ளிக்கிழமை தன்னிடம் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும் என்று உறுதியாகச் சொன்னார்.

"இது அம்மை இல்லன்னு யாரு சொன்னா?" என்று எங்கள் வேப்பிலைக் கதை முழுவதையும் கேட்டபின் டாக்டர் விசாரித்தார்.

"தலகாணி உறை சொல்லுச்சு," என்றார் ஆன்டி. டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு ஆன்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வாரம் எங்கள் விடுதி விடுதியாக இல்லை. விடிவதற்குள் பெரிய அண்டாவில் தண்ணீர் கொதிக்கும். ஆன்டி கையுறை மாட்டிக்கொண்டு ஒவ்வொருவர் துணியையும் தனித்தனியாக அலசுவார். நகம் வெட்டாதவளுக்குக் காலை டீ கிடையாது. என் எவர்சில்வர் கிண்ணம் கொதிக்கும் அண்டாவுக்குள் போய், பிறகு வெகுநாள் கண்ணில் படவில்லை. புதன்கிழமை கோகிலாவின் புண் காய்ந்து முகம் தெளிந்துவிட்டது. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, வியாழக்கிழமை பள்ளிக்கும் கிளம்பிவிட்டாள். எதற்கு இன்னும் மாத்திரை என்று ஒரு வேளையைத் தள்ளிவிட்டாள். அட்டையை எண்ணிப் பார்த்த ஆன்டி, அவள் வேலை விட்டு வரும் வழியில் எல்ஆர்டி ரயில் நிலையப் படியிலேயே தண்ணீர் போத்தலோடு நின்றார்.

"முகம் நல்லாதான் இருக்கு. கிருமி இன்னும் வீடு காலி பண்ணல. முழுங்கு."

போகிற வருகிற ஜனமெல்லாம் பார்க்க, கோகிலா முழுங்கினாள்.

வெள்ளிக்கிழமை டாக்டர் பார்த்துவிட்டுப் போகலாம் என்றார். நாங்கள் கிளினிக்கிலேயே கைதட்டினோம். ஆன்டி கைதட்டவில்லை. டாக்டர் முகத்தைத்தானே பார்த்தார், உறையைப் பார்க்கவில்லையே என்றார். வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று காலையும் உறை சுத்தமாக இருக்க வேண்டும், அதுதான் அவர் கணக்கு. ஞாயிறு காலை ஏழு பேரும் பல்கூடத் துலக்காமல் ஜன்னலடியில் நின்றோம். ஆன்டி மஞ்சள் உறையை விரித்தார். திருப்பினார். மறுபடி திருப்பினார். 

"வெறும் எண்ணெய்தான்," என்றார். "பொறப்படுங்க."

கொமூட்டர் ரயிலில் கிள்ளானுக்குப் போனோம். ஆன்டியும் வந்தார், யாரும் கூப்பிடவில்லை. வீட்டு வாசலில் வெளிக்குழாய்ப் பக்கம் சோப்புக்கட்டியோடு நின்றுகொண்டு, வந்த சொந்தக்காரர் அத்தனை பேரையும் கை கழுவ வைத்தார். பெரியப்பா ஒருவர் முறைத்தார்.

"நான் இந்த வீட்டுக்குப் பெரியவன்மா."

"பெரியவங்கன்னா ரெண்டு தடவ கழுவணும் அங்கிள்."

அவரும் இரண்டு தடவை கழுவினார்.

தொட்டில் போட்டார்கள். பெயர் சொல்லும் நேரம் வந்தது. கோகிலாவைக் காணோம். சமையலறை ஓரத்தில் சுவரோடு ஒட்டி நின்றிருந்தாள்.

"வேணாம் அண்ணே. சித்தி யாராச்சும் சொல்லட்டும். எனக்குப் பயமா இருக்கு."

அண்ணன் கூப்பிட்டார், அண்ணி கூப்பிட்டார். அவள் நகரவில்லை. ஏழு வருஷம் காத்திருந்தவள் இரண்டு கையையும் முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டாள். ஆன்டி கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், அவள் தாடையைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினார். மூக்கோரம், வாயோரம், இரண்டு கையின் முன்னும் பின்னும் பார்த்தார்.

"டாக்டரும் பார்த்தாச்சு, நானும் பார்த்தாச்சு. ஒன் மேல ஒண்ணும் இல்ல. போ, புள்ள ஒனக்காகத்தான் முழிச்சிருக்கு."

கோகிலா போனாள். குழந்தையைத் தூக்கினாள். யாழினி, யாழினி, யாழினி. இருபது முறை கேட்ட பெயர்தான், ஆனாலும் நான் அழுதுவிட்டேன்.

அண்ணி குழந்தையை ஆன்டியிடமும் நீட்டினார். ஆன்டி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"வேணாம்மா. ஒரு வாரமா இதுங்க துணியெல்லாம் அலசுன கை. நான் இங்கேர்ந்தே பாத்துக்கறேன்."

அப்படியே நின்று, வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் திரும்பும் ரயிலில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தார். ஷா ஆலம் தாண்டும் முன்பே தலை சரிந்து என் தோளில் விழுந்தது. அந்த வாரம் முழுக்க அவர் சரியாகத் தூங்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நாங்கள் இறங்க வேண்டிய கேஎல் சென்ட்ரல் வந்தது, மற்றவர்கள் இறங்கினார்கள். தான் தொடக்கூட மறுத்த ஒரு குழந்தைக்காக இத்தனை பாடுபட்டவரை எழுப்ப எனக்கு மனம் வரவில்லை. அவர் தூங்கட்டும் என்று அடுத்த நிலையம் வரை போனேன்.