உறை பிரிக்காத பெல்ட்

கட்டிடம் எழும்பும் இடமெல்லாம் ஓர் இனம் உலவுகிறது. பைல் பாதுகாவலர் என்று பெயர் வைத்துக்கொள்வோம். ஒப்பந்தக்காரரிடம் பாதுகாப்பு அதிகாரி. தலையில் ஹெல்மெட், கக்கத்தில் பைல். ஹெல்மெட் கழன்றாலும் கழலும், பைல் கழலாது.

அவருடைய தகரக் கொட்டகைக்குள் எட்டிப் பாருங்கள். பீரோ நிறைய புத்தம்புது பாதுகாப்பு பெல்ட்டுகள், பிளாஸ்டிக் உறையோடு. ஆய்வாளர் வரும் நாளன்று அவை வெளியே வரும்; ஆளாளுக்கு இடுப்பில் ஏறி, போட்டோவுக்கு முகம் காட்டி, துடைத்து மடிக்கப்பட்டு, சமர்த்தாக மறுபடி உள்ளே போய்விடும். "பயிற்சி பெற்றேன், புரிந்துகொண்டேன்" என்று சித்தாள் முதல் மேஸ்திரி வரை எல்லார் கையெழுத்தையும் நம்மவரே போட்டுவிடுவார். பாவம், அவர்களுக்கு வேலை இருக்கிறதே! அந்தக் கையெழுத்திலும் எத்தனை விதம்? சாய்ந்தது, சுழித்தது, கை நடுங்குவது... மனிதர் மன்னன்.

அன்றைக்கு மூன்றாம் மாடிச் சாரத்திலிருந்து கொத்தனார் ஒருவன் குரல் கொடுத்தான். நம்மவர் மனைவியின் தம்பிதான்.

"மாமா, பலகை ஆடுது. ஒரு பெல்ட் குடுங்க."

"நாளைக்கு ஆய்வாளர் வர்றார்டா. இன்னிக்கே அழுக்காக்கிட்டா எப்படி?"

நியாயம்தானே? அந்த நியாயம் வாயை விட்டு இறங்குவதற்குள் பலகை நழுவியது. மைத்துனன் சாரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்தரத்தில் தொங்கினான். நம்மவருக்கு வீட்டு ஞாபகம் வந்தது. பயல் விழுந்தால் வீட்டில் எந்த முகத்தோடு சோறு கேட்பது? ஓடினார், பீரோவைத் திறந்தார், பெல்ட்டை உருவினார், மூச்சு இரைக்க மாடியேறினார், ஜன்னல் வழியே அதை நீட்டினார். நீட்டிய கையைப் பாதியில் நிறுத்தினார். பழக்கம் விடுமா?

"வாங்கிக்கிட்டேன்னு ஒரு கையெழுத்துப் போடு."

"ரெண்டு கையும் கம்பியில இருக்கு, மாமா."

"சரி, நீ தொங்கு. நானே போட்டுக்கறேன்."

அவர் பேனாவைத் தேடுவதற்குள், பக்கத்தில் பூசிக்கொண்டிருந்தவர்கள் பயலை இழுத்து உள்ளே போட்டார்கள். பைலில் அன்று ஏறிய வரி: "மீட்புப் பயிற்சி, சிறப்பாக நடந்தது."

செய்தி அவருக்கு முன்பே வீடு போய்ச் சேர்ந்திருந்தது. மனைவி சண்டை போடவில்லை. கையை நீட்டினாள்.

"பீரோ சாவியக் குடுங்க."

"அது கம்பெனி சொத்தும்மா."

"அவன் என் தம்பி."

சாவி தம்பி கைக்குப் போனது. மறுநாள் ஆய்வாளர் வந்தபோது பெல்ட்டுகள் எல்லாம் சாரத்தில், ஆட்களின் இடுப்பில், சிமெண்ட் அப்பிக் கிடந்தன. நம்மவர் வெட்கத்தில் தலை குனிந்தார்.

"இத்தனை வருஷத்துல இன்னிக்குத்தான் இதெல்லாம் பெல்ட்டுன்னு தெரியுது," என்றார் ஆய்வாளர்.

சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். அப்படியே, உங்கள் வண்டிக் கண்ணாடியில் தொங்குகிறதே ஒரு ஹெல்மெட், அதையும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அது உங்கள் தலைக்கு ஏறுவது எந்தத் தெருமுனையில்? போலீஸ்காரர் நிற்கும் முனையில்தானே?